கல்லூரி இன்ஃபீல்டரை எடைபோடுவது எப்படி? ஸ்கவுட்டிங்கில் புதிதாக இறங்குபவர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் ஒரு ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்து, இந்தப் பையன் தொழில்முறை ஆட்டத்தில் தேறுவானா, தேறினால் எந்த அளவுக்கு என்று எழுதித் தர வேண்டும். அணிகளில் ஸ்கவுட் (வீரர்களை நேரில் பார்த்து எடைபோடுபவர்) வேலைக்கோ புள்ளிவிவர வேலைக்கோ முயல்பவர்களிடம் மாதிரி ரிப்போர்ட் கேட்பது சகஜம். எனக்கு இதை வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக் கற்றுக்கொள்வதற்குள் நேரமும் பணமும் நிறையப் போய்விட்டது. அடுத்து வருபவர்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் முதலில் பேட்டிங் சராசரியைத்தான் தேடும். இங்கே அது கடைசி. முதலில் வயது, பிறகு கால், பிறகு தோள், பிறகு அவன் நிற்கப்போகும் இடம், அதற்கு அப்புறம்தான் பேட். இந்த வரிசையை மாற்றினால் ரிப்போர்ட் தப்பாகிவிடும். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தகுதியையும் வயதையும் உறுதி செய்யுங்கள்

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த வீரரை எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால், தொழில்முறை ஆட்டத்தின் உச்ச லீக்) அணிகள் நினைத்தபோது எடுக்க முடியாது. மூன்றாம் ஆண்டை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சிலரும் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வுக்கு, தகுதி பெறுவார்கள். இரண்டாண்டு ஜூனியர் காலேஜில் படிப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கல்லூரி அணியின் இணையதளத்தில் உள்ள ரோஸ்டர் (வீரர் பட்டியல்) பக்கம்தான் உங்கள் முதல் ஆவணம். எந்தக் கை பேட், எந்தக் கை வீச்சு, உயரம், எடை, படிப்பாண்டு எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. வீரரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் தேடுங்கள். 'ஜூனியர்' என்று போட்டிருப்பதை வைத்து வயதை ஊகிக்காதீர்கள். ரெட்ஷர்ட் எடுத்து ஓராண்டு ஆடாமல் இருந்தவர், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் என்று பல வகை உண்டு. 23 வயதுக்காரர் 19 வயது பிட்சர்களை அடித்து நொறுக்கினால் அதற்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. அதே எண்களை 20 வயதில் எடுத்திருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள்.

ரோஸ்டரில் போட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஃபர்ஸ்ட் பேஸில் அவர் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிட்டால் ஓரிரு அங்குலம் குறைவது அடிக்கடி நடக்கும்.

2. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

நல்ல ஸ்டாப்வாட்ச் ஒன்று 20 முதல் 30 டாலருக்குக் கிடைக்கும். போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் வேண்டாம். பொத்தானை விரல் உணர வேண்டும், கண் ஆட்டத்தை விட்டு அகலக் கூடாது. போன் ஸ்லோமோஷன் வீடியோவுக்குப் பயன்படும். ஒரு சின்ன நோட்டு, இரண்டு பென்சில். குளிரில் பேனா மக்கர் செய்யும்.

ரேடார் கருவி வாங்கிவிடாதீர்கள். பாக்கெட்டில் வைக்கும் சின்னக் கருவிக்கே சில நூறு டாலர் ஆகும், ஸ்கவுட்கள் வைத்திருக்கும் பெரிய கருவி ஆயிரத்தைத் தாண்டும். இன்ஃபீல்டரைப் பார்க்க அது தேவையே இல்லை. பிட்சரின் வேகம் வேண்டுமென்றால் பல மைதானங்களில் ஸ்கோர்போர்டிலேயே காட்டுகிறார்கள்.

பெரிய கல்லூரிகளின் வாரயிறுதி ஆட்டத்துக்குப் பொதுவாக 10 முதல் 20 டாலர் வரை டிக்கெட், சின்னக் கல்லூரிகளில் அதைவிடக் குறைவு. உண்மையான செலவு பெட்ரோலும் அறை வாடகையும்தான். அதனால் முதல் சீசனில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரத்துக்குள் உள்ள கல்லூரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்தைத் துரத்துவதைவிட, பக்கத்தில் இருக்கும் நடுத்தர வீரர் மூவரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மேல்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பேட்டிங்கை ஓரளவு பார்க்கலாம், ஃபீல்டிங் முடியாது. கேமரா பிட்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பேட்டரைக் காட்டிக்கொண்டிருக்கும். பந்து பேட்டில் பட்டு, காட்சி மாறி, ஷார்ட்ஸ்டாப் திரையில் வருவதற்குள் அவரது முதல் அடி முடிந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியதே அந்த முதல் அடியைத்தான்.

3. எப்போது போவது

கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும்; வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 56 ஆட்டங்கள் வரை. வெள்ளி, சனி, ஞாயிறு தொடர், நடுவில் செவ்வாய் அல்லது புதன் ஓர் ஆட்டம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 64 அணிகளின் பிராந்தியச் சுற்று, ஜூன் நடுவில் ஒமாஹாவில் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். டிராஃப்ட் 2021 முதல் ஜூலையில் நடக்கிறது; அதே ஆண்டிலிருந்து 20 சுற்றுகள்.

பிப்ரவரி எண்களுக்கு மயங்காதீர்கள். வடக்குக் கல்லூரிகள் பனிக்குத் தப்பித் தெற்கே வந்து, வெளிமைதானப் பயிற்சியே அதிகம் இல்லாமல் ஆடும் நேரம் அது. பார்க்க வேண்டிய காலம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, ஒரே கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் லீக்) உள்ள அணிகள் தங்களுக்குள் மோதும்போது.

ஒரு தொடரில் ஒரு நாள்தான் போக முடியும் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். எதிரணி தன் சிறந்த பிட்சரை அன்றுதான் இறக்கும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் வரும் பிட்சர்கள் பல நேரம் நான்காவது, ஐந்தாவது வரிசை ஆட்கள். அவர்களை அடித்துச் சேர்த்த ஹோம் ரன்களும் சீசன் கணக்கில் ஒன்றாகத்தான் கலந்திருக்கும். நீங்கள்தான் பிரிக்க வேண்டும். ஆட்டம் வாரியான பாக்ஸ் ஸ்கோர் (ஒவ்வொரு வீரரின் கணக்கும் உள்ள ஸ்கோர் அட்டை) கல்லூரித் தளத்தில் இலவசம். ஒரு மாலை உட்கார்ந்து வாரயிறுதி தனி, வார நடு தனி என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

4. ஃபீல்டிங்: ஆட்டத்துக்கு முன்பே போய் உட்காருங்கள்

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மைதானத்தில் இருங்கள். அப்போதுதான் பேட்டிங் பயிற்சியும் இன்ஃபீல்ட் பயிற்சியும் கிடைக்கும். ஆட்டத்தில் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கு மூன்று பந்துதான் வரக்கூடும், மூன்றும் நேராக வரக்கூடும். பயிற்சியில் அவர் இடமும் வலமும் போவதை, முன்னால் ஓடி வந்து எடுப்பதை, டபுள் ப்ளே திருப்புவதை எல்லாம் அரை மணிக்குள் பார்த்துவிடலாம்.

என்ன பார்ப்பது? முதலில் கால். பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் நொடியில் நல்ல இன்ஃபீல்டர் சின்னதாக ஒரு குதி குதித்துத் தயாராகிவிடுவார். பந்து பட்டதும் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் கால் போகும். சுமாரானவர் குதிகாலில் நிற்பார். கை நன்றாக இருந்தும் அரை அடி தாமதம். கல்லூரியில் அந்த அரை அடி மறைந்துவிடும். மேலே போகப் போகப் பந்தின் வேகம் கூடும், ஓடுபவர்களின் வேகமும் கூடும், அப்போது வெளுத்துவிடும்.

அடுத்து கை. பந்து எகிறும்போது கையுறை பின்வாங்குகிறதா, முன்போய் வாங்குகிறதா என்று கவனியுங்கள். பல கல்லூரிகளில் இன்ஃபீல்டே செயற்கைப் புல். அதில் பந்து ஒரே சீராக எகிறும், எல்லோர் கையும் நல்ல கையாகத் தெரியும். அந்த வீரரை மண் தரை உள்ள மைதானத்தில் ஒரு முறையாவது பார்க்காமல் கைக்கு மதிப்பெண் போடாதீர்கள். எந்தக் கல்லூரியில் என்ன தரை என்பதை அட்டவணையோடு சேர்த்து முன்பே குறித்துக்கொண்டால் ஒரு வெட்டிப் பயணம் மிச்சம்.

மூன்றாவது தோள். தேர்ட் பேஸுக்கும் ஷார்ட்டுக்கும் நடுவே ஆழத்தில், உடம்புக்குக் குறுக்கே கையுறையை நீட்டிப் பந்தை எடுத்து, அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவதுதான் உண்மையான தேர்வு. பந்து நேர்கோட்டில் போகிறதா, வளைந்து இறங்குகிறதா? அதிகப்படியாக இரண்டு அடி எடுத்து வைத்த பிறகுதான் எறிய முடிகிறதா?

இப்போது ஸ்டாப்வாட்ச். பந்து பேட்டில் பட்ட சத்தத்தில் அழுத்துங்கள். ஃபர்ஸ்ட் பேஸ்காரர் கையுறைக்குப் பந்து வந்ததும் நிறுத்துங்கள். எம்எல்பியில் சராசரி வலக்கை பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஏறக்குறைய 4.3 நொடியில் போய்விடுவார். உங்கள் ஷார்ட்ஸ்டாப் சாதாரணப் பந்துகளிலேயே 4.4, 4.5 எடுக்கிறார் என்றால், கல்லூரியில் அவுட் ஆனவர்கள் மேலே சேஃப் ஆகிவிடுவார்கள். இந்த ஒரு கணக்கைப் புதியவர்கள் யாரும் எடுப்பதில்லை. கட்டாயம் எடுங்கள்.

ஃபீல்டிங் சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். அதை ரிப்போர்ட்டின் மையமாக வைக்காதீர்கள். எரரா இல்லையா என்று முடிவு செய்வது உள்ளூர் ஸ்கோரர். அதோடு, பந்தையே எட்டாதவருக்கு எரர் விழாது. பாய்ந்து போய்த் தொட்டுத் தவறவிட்டவருக்கு விழும்.

5. ஓட்டம்

பேட்டில் பந்து பட்டதிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸில் கால் படும் வரை. 90 அடி. வலக்கை பேட்டருக்கு 4.3 நொடி சராசரி, இடக்கை பேட்டருக்கு 4.2, அவர் நிற்பதே பேஸுக்கு ஓர் எட்டு பக்கத்தில். சராசரி 50 என்றால், ஒவ்வொரு 0.1 நொடிக்கும் ஸ்கவுட் அளவுகோலில் (எட்டாம் பகுதியில் வருகிறது) 10 மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு மூச்சாக ஓடாத ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இடக்கைக்காரர் பன்ட் செய்துகொண்டே ஓடத் தொடங்கியதையும் சேர்க்க வேண்டாம். அது எப்போதும் வேகமாகக் காட்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட்கள் ஓட்ட நேரத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது வழக்கம். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள், உங்கள் கைவேகத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

6. எந்த இடத்தில் நிற்பார்?

பேட்டிங்கைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். கல்லூரி ஷார்ட்ஸ்டாப்களில் பெரும்பாலானோர் மேலே ஷார்ட்டில் நிற்பதில்லை.

எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) கல்லூரியின் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் பிரெக்மனை 2015 டிராஃப்டில் ஹூஸ்டன் அணி இரண்டாவதாக எடுத்தது. அங்கே கார்லோஸ் கொரேயா ஷார்ட்டில் இருந்ததால் அவர் தேர்ட் பேஸ் போனார். 2024இல் அந்த இடத்தின் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதும் வாங்கினார். அதே டிராஃப்டில் முதலாவதாகப் போன டான்ஸ்பி ஸ்வான்சன் வாண்டர்பில்ட் கல்லூரியில் முதலில் செகண்ட் பேஸ், பிறகு ஷார்ட். எம்எல்பியில் ஷார்ட்டிலேயே நிலைத்தார். மேரிலண்டின் ஷார்ட்ஸ்டாப் மேட் ஷாவை 2023இல் சிகாகோ கப்ஸ் எடுத்தது. அங்கே ஷார்ட்டில் இருந்தவர் அதே ஸ்வான்சன். ஷா தேர்ட் பேஸுக்கு வந்தார்.

தோள் சராசரிக்குக் கீழ், கால் நன்று என்றால் செகண்ட் பேஸ். 2023 முதல் எம்எல்பியில் செகண்ட் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும் என்பதால், செகண்ட் பேஸ்காரர் ஓடி எடுக்க வேண்டிய பரப்பு கூடிவிட்டது. முன்புபோல் கனமான ஆளை அங்கே ஒளித்துவைக்க முடியாது. தோள் வலு, கால் சுமார் என்றால் தேர்ட் பேஸ். இரண்டும் இல்லை என்றால் ஃபர்ஸ்ட் பேஸ், அங்கே பேட் மட்டும்தான் சோறு போடும். ஒரே பேட்டிங் திறன் ஷார்ட்ஸ்டாப்பிடம் இருந்தால் தினசரி ஆட்டக்காரர், ஃபர்ஸ்ட் பேஸ்காரரிடம் இருந்தால் மைனர் லீகை (எம்எல்பிக்குக் கீழ் உள்ள நிலைகள்) தாண்டுவதே கஷ்டம். இடத்தை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

7. பேட்

கல்லூரியில் ஆடுவது உலோக பேட் அல்லது அதைப் போன்ற கலப்புப் பொருள் பேட். 2011 முதல் பிபிகோர் என்ற கட்டுப்பாடு வந்து பந்து பாயும் வேகத்தைக் குறைத்தார்கள். ஆனாலும் உள்ளே வந்த பந்து கைப்பிடிப் பக்கம் பட்டாலும் இன்ஃபீல்டைத் தாண்டி விழும். மர பேட்டில் அதே பந்துக்கு பேட் உடையும். எனவே வீரர் மர பேட் பிடித்த காலம் எது என்று தேடுங்கள்.

அதற்கு முதல் இடம், கல்லூரி வீரர்கள் கோடையில் ஆடும் மாசசூசெட்ஸின் கேப் காட் லீக். பத்து அணிகள், ஜூன் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை, 1985 முதல் மர பேட், அனுமதி இலவசம். நன்கொடைப் பெட்டி வரும், ஏதாவது போடுங்கள். மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள். கோடையில் அங்கே அறை வாடகை மிகக் கடுமை. கேப் காடுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கமே தங்கிக் காலையில் கிளம்புவது நல்லது. டிராஃப்டுக்கு முந்தைய கோடையில் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2027 டிராஃப்டுக்கான ஆளை 2026 கோடையில் பார்க்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நிக் கொன்சாலஸ் நல்ல உதாரணம். நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் செகண்ட் பேஸ்காரர், 2019இல் .432 சராசரியில் அடித்தார். ஊர் லாஸ் க்ரூசெஸ், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,900 அடி உயரம். மெல்லிய காற்றில் பந்து பறக்கும், எதிரணிகளும் பலம் குறைந்தவை. யாரும் அந்த எண்ணை நம்பவில்லை. அந்தக் கோடையில் கேப் காடில் மர பேட்டோடு லீகின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆனார். 2020 டிராஃப்டில் ஏழாவதாக பிட்ஸ்பர்க் எடுத்தது. 2023இல் கேப் காடில் எம்விபி ஆன டிராவிஸ் பசானா, மறு ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். செகண்ட் பேஸ்காரர் ஒருவர் முதலிடத்தில் எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

மைதானத்தில் உட்காரும் இடமும் முக்கியம். வலக்கை பேட்டரின் நெஞ்சும் கைகளும் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமிருந்துதான் தெரியும், இடக்கைக்காரருக்குத் தேர்ட் பேஸ் பக்கம். இரண்டு முறை அங்கிருந்தும் மற்ற முறை ஹோம் ப்ளேட்டுக்குப் பின்னாலிருந்தும் பாருங்கள்.

எண்களில் முதலில் ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் பாருங்கள், சராசரி அப்புறம். கிராண்ட் கேன்யன் கல்லூரியின் ஜேக்கப் வில்சனுக்குப் பெரிய அடி இல்லை என்ற குறை இருந்தது. ஆனால் கல்லூரியில் ஸ்ட்ரைக் அவுட் ஆவதே அரிது. 2023இல் ஓக்லண்ட் ஆறாவதாக எடுத்தது. 2025இல் ஆல் ஸ்டார் (சிறந்த வீரர்கள் மோதும்) ஆட்டத்தில் அமெரிக்கன் லீகின் ஷார்ட்ஸ்டாப்பாகத் தொடங்கினார். பந்தைத் தொடும் திறன் அவ்வளவு மேலே வந்தது.

பந்து பேட்டிலிருந்து கிளம்பும் வேகம் கிடைத்தால் எழுதுங்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் என்றால் பலமான அடி. எல்லாவற்றையும்விட ஒரு கேள்விக்கு உங்கள் கண்ணால் விடை தேடுங்கள்: 93 மைலுக்கு மேல் வரும் பந்தை அவர் சமாளிக்கிறாரா, தாமதமாகச் சுழற்றுகிறாரா? வெள்ளிக்கிழமை போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

8. ரிப்போர்ட் எழுதுவது

அளவுகோல் 20 முதல் 80 வரை. 50 என்றால் எம்எல்பி சராசரி. கல்லூரிச் சராசரி என்று எண்ணிவிடாதீர்கள். அடிக்கும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், தோள் ஆகிய ஐந்துக்கும் இன்றைய மதிப்பு ஒன்று, எதிர்கால மதிப்பு ஒன்று. கல்லூரி வீரரின் இன்றைய அடிக்கும் திறனுக்கு 30 போடுவது அவமானம் அல்ல, சாதாரணம். கடைசியில் மொத்த மதிப்பு: 40 என்றால் மாற்று ஆட்டக்காரர், 50 தினசரி ஆட்டக்காரர், 60 என்றால் ஆல் ஸ்டார் பேச்சில் அடிபடுபவர். புதியவர்கள் பிடித்த பையனுக்கெல்லாம் 55, 60 போட்டுத் தள்ளுவார்கள். படிப்பவர் முதல் வரியிலேயே மூடி வைத்துவிடுவார்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெயர், கல்லூரி, பிறந்த தேதி, பார்த்த நாட்கள், எதிரே வீசிய பிட்சர்கள், எடுத்த நேரங்கள், மதிப்பெண்கள், இரண்டு பத்தி விளக்கம், எங்கே தவறக்கூடும் என்ற ஒரு பத்தி. மூன்று ஆட்டமாவது நேரில் பார்க்காமல் எழுதாதீர்கள். அன்றன்றே எழுதுங்கள், மறுநாள் பாக்ஸ் ஸ்கோர் உங்கள் நினைவைத் திருத்திவிடும்.

வீரரையோ வீட்டாரையோ தனியாக அணுகி விவரம் கேட்பது, பரிசு கொடுப்பது எதுவும் கூடாது. கல்லூரி வீரர்களுக்குக் கடுமையான விதிகள் உண்டு. உங்கள் ஆர்வத்தால் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

9. விலை

டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும், வீரருக்குத் தரும் கையெழுத்து போனஸுக்கென ஒரு நிர்ணயத் தொகை உண்டு. அவற்றின் கூட்டல்தான் அணியின் மொத்த நிதி. ஓர் இடத்தில் மிச்சம் பிடித்து வேறு இடத்தில் செலவழிக்கலாம். 2024இல் முதல் இடத்தின் தொகை 1.057 கோடி டாலர், பசானா 89.5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். பதினோராம் சுற்றிலிருந்து, அந்த ஆண்டுக் கணக்குப்படி, 1,50,000 டாலர் வரை கொடுப்பது நிதியில் சேராது.

மூன்றாம் ஆண்டு மாணவருக்கு 'திரும்பக் கல்லூரிக்கே போகிறேன்' என்று சொல்லும் பலம் இருக்கிறது. விளம்பர வருமானத்தை 2021 முதல் கல்லூரி வீரர்களுக்கு அனுமதித்த பிறகு அந்தப் பலம் கூடியிருக்கிறது. கடைசி ஆண்டுக்காரருக்கு அது இல்லை, சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்திடுவார்கள். எனவே ரிப்போர்ட்டில் எந்தச் சுற்றில் எடுக்கலாம், என்ன தொகைக்குத் தகும் என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத ரிப்போர்ட் அணிக்குப் பாதிதான் பயன்படும்.

10. டிராஃப்டுக்குப் பிறகு

டிராஃப்டுக்கு முந்தைய நாள் எல்லா ரிப்போர்ட்டையும் தேதியிட்டுப் பூட்டிவிடுங்கள், பிறகு ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். வேலைக்கு அனுப்பும்போது அந்தத் தேதிதான் உங்கள் நம்பகத்தன்மை. ஆகஸ்ட்டில் கல்லூரி வீரர்கள் பலர் கீழ்நிலை மைனர் லீக் அணிகளில் இறங்கிவிடுவார்கள். அங்கே டிக்கெட் மலிவு, வீரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். உங்கள் பையனை அங்கே மறுபடி பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் ஸ்டாப்வாட்ச்சை எடுங்கள்.